துப்பாக்கியைப் படம் எடுப்பது: ஒளி, நேரம், நிற்கும் இடம்

ஒரு கைத்துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, தலைக்கு மேலே ஒரு விளக்கைப் போட்டுப் படம் எடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: உடல் முழுக்க அடையாளம் தெரியாத கரும்பட்டை, நடுவில் கண்ணைக் குத்தும் ஒரு வெள்ளைப் பொட்டு, பிடிக்கு மேலே யாரோ தொட்ட கைரேகை. சுடுதளத்தில் ஏமாற்றம் வேறு மாதிரி. ஒரு மணி நேரம் நின்று 300 படம் எடுத்திருப்பீர்கள்; ஒன்றில்கூடக் குழல்முனையில் தீ இருக்காது. இரண்டுக்கும் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் படத்தில் தவறியது ஒளி, இரண்டாவதில் தவறியது நேரக் கணக்கு. இரண்டும் புரிந்துவிட்டால் சாதாரண கேமராவிலேயே நல்ல படம் வரும். ஆனால் அவற்றுக்கும் முன்னால் பழக வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைப் பழகாதவர் கேமராவை எடுக்கவே வேண்டாம்.

தொடுவதற்கு முன்

படப்பிடிப்பு மேசையில் இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். காலி என்று யார் சொன்னாலும், ஒரு நிமிடம் முன்பு நாமே பார்த்திருந்தாலும், கைக்கு வரும்போதெல்லாம் அது நிரப்பியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சோதிக்கும் வரிசை முக்கியம். குழல் ஆளில்லாத, பத்திரமான திசையைப் பார்த்திருக்க, விரல் விசைக்கு வெளியே இருக்க, முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிய பெட்டியை, கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் மேலே முன்பின்னாக நகரும் ஸ்லைடையோ, ரைபிளின் அறையை மூடும் போல்ட்டையோ பின்னுக்கு இழுத்து, திறந்தபடியே நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் என்ன ஆகும்? மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் குழியில், இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடை விட்டதும் அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளும். அப்புறம் மேகசினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துப்பாக்கி காலி என்று நம்பி நிற்போம். உள்ளே ஒரு தோட்டா இருக்கும்.

திறந்த அறையைக் கண்ணால் பாருங்கள். கருப்பான அறைக்குள் கண் ஏமாறலாம் என்பதால் சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். பிறகு இன்னொருவரிடம் காட்டுங்கள். இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். துப்பாக்கி பார்வையை விட்டு ஒரு நிமிடம் விலகினாலும் மறுபடி முதலிலிருந்து. உண்மையான தோட்டாக்கள் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே இருக்கக் கூடாது. படத்தில் தோட்டா தெரிய வேண்டுமென்றால் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்கள் கடையில் கிடைக்கின்றன. ரிவால்வரை முன்பக்கத்திலிருந்து எடுக்கும்போது உருளையின் அறைகள் வெற்றுக் குழியாகத் தெரிவது பலருக்கும் உறுத்தும். அங்கே போட வேண்டியதும் போலிதான்.

குழல்முனை கேமராவைப் பார்க்கும் படம் இந்தத் துறையில் அடிக்கடி கேட்கப்படுகிறது. அதற்கு ஒரே வழிதான்: கேமரா ட்ரைபாடில், பொத்தான் ரிமோட்டில், லென்ஸுக்குப் பின்னால் யாரும் இல்லை. போல்ட்டைக் கழற்ற முடிந்த ரைபிள் என்றால் கழற்றித் தனியே வையுங்கள். கழற்ற முடியாததில், படத்தில் தெரியாத இடமாகப் பார்த்து, அறையில் செருகும் ஆரஞ்சு நிற அடைப்புக்கொடியை விட்டுவையுங்கள். மாடல் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் படங்களில் சுட்டுவிரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடலை ஒட்டி நேராக நீண்டிருக்க வேண்டும். விசைமேல் விரல் வைத்த படத்தைத் துறை அறிந்த எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்புவதுதான் சரி.

சும்மா விசையை இழுத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். .22 போன்ற விளிம்பில் அடிக்கும் தோட்டாவுக்கான துப்பாக்கிகளில், அறை காலியாக இருக்கும்போது விசையை இழுத்தால் அடிமுள் அறையின் விளிம்பிலேயே மோதித் தழும்பு விழக்கூடும். ஒருவருடைய விலைமதிப்புள்ள பொருள் உங்கள் மேசையில் கெடுவதற்கு அந்த ஒரு சொடுக்கு போதும். உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்ற சட்டம் உள்ள இடங்களும் உண்டு. அங்கே உரிமம் பெற்றவர் கூடவே இருந்து, அவரே எடுத்து வைத்து, அவரே திருப்பிப் போட வேண்டும். படப்பிடிப்பு நேரத்தைக் குறிக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரும்பு எதைப் பார்க்கிறதோ அதுதான் படம்

மரத்தின்மேல் விழும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். அதனால் விளக்கு எங்கிருந்தாலும் மரம் தெரியும். மெருகேற்றிய எஃகு அப்படிச் சிதறடிப்பதில்லை. கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டும். அதிலும் நீலமேற்றிய எஃகு, அதாவது மேற்பரப்பை வேதிமுறையில் கருநீலமாக்கிய எஃகு, கருப்புக் கண்ணாடி. இருட்டறையில் அதன் எதிரே ஒரு சிறு விளக்கு இருந்தால், அதில் தெரிவது இருட்டறையும் ஒரு சிறு விளக்கும்தான். கரும்பட்டையும் வெள்ளைப் பொட்டும் வந்ததற்குக் காரணம் இதுவே. விளக்கின் சக்தியைக் கூட்டினால் பொட்டு இன்னும் வெளுக்கும், கருப்பு கருப்பாகவே நிற்கும்.

ஆகவே துப்பாக்கியின்மேல் ஒளி அடிப்பதை மறந்துவிட்டு, அது பார்ப்பதற்கு ஒரு வெள்ளைப் பரப்பைக் கொடுங்கள். அந்தப் பரப்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தேவையில்லை. லென்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு கண்ணை வைத்து, ஒரு வெள்ளை அட்டையைத் துப்பாக்கியைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். ஏதோ ஓரிடத்தில் கரிய உலோகம் சட்டென்று பால் பூத்த மாதிரி வெளுக்கும். கண்ணாடியில் ஒளி எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்று பள்ளியில் படித்தது இதுதான். அட்டை நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு அங்கேதான் வர வேண்டும். பத்து நிமிடம் இந்த ஒரு பயிற்சியைச் செய்தவர், விலை உயர்ந்த விளக்குகளை வாங்கிக் குவித்தவரைவிட நன்றாக எடுப்பார்.

கைத்துப்பாக்கிக்கு ஓர் எளிய அமைப்பு. அதற்கு 30 செ.மீ. மேலே, ஒளி ஊடுருவும் வெள்ளைத் துணியையோ டிரேசிங் தாளையோ சட்டத்தில் கட்டி விரியுங்கள். குறைந்தது 60 செ.மீ. அகலம் இருக்கட்டும். விளக்கு அந்தத் தாளுக்கும் மேலே. விளக்கைத் தாளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளினால் தாள் முழுக்க ஒரே வெண்மையாகும். உலோகமும் தட்டையாக, சாயம் பூசியதுபோலத் தெரியும். 30 செ.மீ. அளவுக்கு நெருக்கினால் தாளின் நடுவில் வெளிச்சம் கூடி, ஓரத்துக்குப் போகப் போக மங்கும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே ஸ்லைடின் பக்கவாட்டில் வழிந்து, ஒரு முனையில் வெள்ளியாகத் தொடங்கி மறுமுனையில் கருப்பில் கரையும். உலோகம் உலோகமாகத் தெரிவது அப்போதுதான்.

நீண்ட துப்பாக்கியில் ஒரு தொல்லை உண்டு. குழல் உருளையாக இருப்பதால், மேலே இருக்கும் அகலமான தாளும் அதில் ஒல்லியான கோடாகத்தான் தெரியும். கோட்டின் நீளம் தாளின் நீளத்தைப் பொறுத்தது. 110 செ.மீ. ரைபிளுக்கு 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (வெள்ளைத் துணி மூடிய விளக்குப் பெட்டி) வைத்தால் கோடு குழலின் நடுவழியில் அறுந்துவிடும். பார்ப்பவருக்குக் குழலே அங்கே ஒடிந்த மாதிரி இருக்கும். துப்பாக்கியைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் அதிகமாக ஒளிப்பரப்பு இருக்கட்டும். அவ்வளவு பெரியது இல்லையென்றால் வெள்ளைச் சுவரில் ஒளியை அடித்துத் திருப்புங்கள், சுவரும் ஒளிப்பரப்புதான்.

வெள்ளைப் பின்னணியில் இதற்கு நேர்மாறான சிக்கல். பளபளக்கும் துருவேறா எஃகின் விளிம்பு பின்னணியோடு கலந்து காணாமல் போகும். படத்தில் விழாதபடி விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் கருப்பு அட்டையை நிறுத்துங்கள். உலோகம் அதைப் பார்த்து, தன் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்றை வரைந்துகொள்ளும்.

லென்ஸில் போலரைசர் என்ற துருவ வடிகட்டியை மாட்டினால் பளபளப்பு போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். எண்ணெய் மெருகிட்ட வால்நட் கட்டையில், அதாவது துப்பாக்கியின் மரப்பகுதியில், அது வேலை செய்யும். மேலே படர்ந்த வெளுப்பு விலகி மரத்தின் ரேகை அடியிலிருந்து எழுந்து வரும். வெற்று உலோகத்தில் வேலை செய்யாது. உலோகம் திருப்பும் ஒளி பெரும்பாலும் துருவப்படாத ஒளி என்பதால் அந்த வடிகட்டிக்குத் தடுக்க ஒன்றுமில்லை. விளக்கின் முன்னாலும் ஒரு துருவத் தாளை மாட்டி, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் உலோகத்தின் பளபளப்பும் அடங்கும். முழுக்க அடக்கிவிடாதீர்கள், எஃகு பிளாஸ்டிக் ஆகிவிடும்.

மேற்பூச்சு மாறினால் ஒளியும் மாற வேண்டும். ராணுவ வகைத் துப்பாக்கிகளில் காணும் சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு ஒளியைச் சிதறடிக்கும். அதற்குச் சிறிய விளக்கே போதும், மிகப் பெரிய ஒளிப்பரப்பு அதன் சொரசொரப்பை மழுக்கிவிடும். செதுக்கு வேலைக்கும், கட்டையில் பிடிப்புக்காக வெட்டிய வைரக்கட்ட வரிகளுக்கும் பக்கவாட்டில் 15 முதல் 20 பாகைக்குள் தாழ்வாக ஒரு விளக்கு வையுங்கள். ஒவ்வொரு வரியின் ஒரு சரிவு ஒளிர்ந்து மறு சரிவு நிழலாகும்.

கேமராவின் தானியங்கி அளவீட்டையும் இங்கே நம்ப முடியாது. கருப்புத் துப்பாக்கி கருப்புத் துணிமேல் கிடந்தால், எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் அளவீடு கருப்பை வெளுத்துக் காட்டும். கேமராவின் ஒளி ஈட்டில் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −1 அல்லது −1.3 கொடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் கூட்ட வேண்டியிருக்கும். மேனுவலில் ஒருமுறை சரிசெய்து, சாம்பல் அட்டையை ஒரு படத்தில் வைத்து எடுத்துவிட்டால் அன்றைய வேலை முழுவதும் ஒரே சீராக வரும்.

எவ்வளவு தூரத்திலிருந்து

அகலக் கோண லென்ஸில் அருகே போய் எடுத்தால் முனை பெருத்து, பின்பகுதி சிறுத்துவிடும். வடிவம் உண்மையாகத் தெரிய வேண்டுமென்றால் ஃபுல்ஃபிரேம் கேமராவில் 85 முதல் 105 மி.மீ. வரை வசதி. அதற்கு இடம் வேண்டும். 110 செ.மீ. ரைபிளைச் சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு 100 மி.மீ. லென்ஸில் அடக்க ஏறக்குறைய 3.4 மீட்டர் விலக வேண்டும். கிடத்தி மேலிருந்து எடுப்பதாக இருந்தால் சாதாரணக் கூரை உயரம் போதாது. ஒன்று, துப்பாக்கியை நைலான் இழையில் தொங்கவிட்டோ கட்டைமேல் நிறுத்தியோ பக்கவாட்டில் எடுங்கள். அல்லது 50 மி.மீ. போட்டுக் கொஞ்சம் சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

கைத்துப்பாக்கியை 25 செ.மீ. அகலத்தில் அடக்கினால் அதே 100 மி.மீ. லென்ஸில் தூரம் 80 செ.மீ.தான். இங்கே குவியத்தின் ஆழம் கண்ணைத் திறக்க வைக்கும்: லென்ஸின் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கினாலும் மொத்தம் ஏறக்குறைய 3.5 செ.மீ. மட்டுமே கூர்மையாக இருக்கும். பக்கவாட்டில் நேராகக் கிடத்தினால் துப்பாக்கியின் தடிமனுக்கு இது சரியாகப் போதும். முனை நம்மைப் பார்த்துச் சற்றே திரும்பியிருந்தால் போதாது. எஃப்/22க்கு மூடினால் ஆழம் கூடும். ஆனால் சிறு துளையில் ஒளி விரிவதால் படம் முழுவதும் லேசாகத் தளரும். எஃப்/8இல் வைத்து, குவியத்தை முன்னிலிருந்து பின்னுக்குப் படிப்படியாக நகர்த்தி 8 முதல் 15 படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்குவதே நல்ல வழி.

இவ்வளவு நெருக்கத்தில் தூசிதான் பெரிய எதிரி. கண்ணுக்குப் புலப்படாத ஒரு நூலிழை, குறிமுள்ளின் அடியில் இருக்கும் குறுகிய பள்ளத்தில் சிக்கிக்கொண்டால், திரையில் கயிறு மாதிரி கிடக்கும். காற்றுப் பந்தால் ஊதி, மென்தூரிகையால் பள்ளங்களை வருடி, மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். எண்ணெயை அதிகம் பூசாதீர்கள். விளக்குச் சூட்டில் இளகி, இடுக்குகளிலிருந்து கசிந்து, பத்து நிமிடத்தில் பக்கவாட்டில் ஈரக்கோடு போடும். கையுறை அணிவது படத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். வியர்வையின் உப்பு நீலமேற்றிய எஃகில் தங்கினால் அந்த இடத்தில் துரு ஏறும். வேலை முடிந்ததும் மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை.

சுடுதளத்தில்

சுடுகோடு என்று ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் மட்டுமே உங்கள் இடம். சுடுவதை நிறுத்தி, எல்லாத் துப்பாக்கியும் திறந்து காலியாக வைக்கப்பட்டு, தளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் அதிகாரி வாய்திறந்து அனுமதித்தால்தான் முன்னே போகலாம். முன்பக்கத்திலிருந்து சுடுபவரின் முகம் வேண்டுமென்றால், அந்த நிறுத்த வேளையில் கேமராவைப் பக்கவாட்டில் ஓரமாக நிறுத்தி, குவியத்தைப் பூட்டி டேப் ஒட்டி, பேட்டரியைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அடுத்த நிறுத்தம் வரை எதையும் திருத்த முடியாது. லென்ஸில் ஒரு மலிவான கண்ணாடி வடிகட்டி மாட்டிவையுங்கள். எரியாத மருந்துத் துகள் முனையிலிருந்து மணல் மாதிரி வந்து தெறிக்கும்.

கோட்டுக்குப் பின்னால் எங்கே நிற்பது? தானியங்கி வகைகளில் பெரும்பாலானவை காலி உறைகளை வலப்பக்கமாக வீசும். வலப்பின்புறம் நின்றால் முகமும் பறக்கும் உறையும் சேர்ந்து கிடைக்கும். சூடான உறை சட்டைக் கழுத்துக்குள் விழவும் வாய்ப்புண்டு, ஆகவே கழுத்தை மூடிய சட்டை போடுங்கள். ரிவால்வருக்கு நேர்பக்கவாட்டில் ஒருபோதும் நிற்காதீர்கள். உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலிருந்து கொதிக்கும் வாயுவும் ஈயச் சிதறலும் இரு பக்கமும் பீறிடும். முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும் பிரேக் பொருத்திய ரைபிளும் அதிர்வைப் பக்கவாட்டில்தான் தள்ளும்.

காது ஒருமுறை போனால் திரும்ப வராது. சாதாரண .22 ரைபிளே 140 டெசிபெல் அளவை எட்டக்கூடும்; பெரிய ரைபிள்களும் ஷாட்கன்களும் 150க்கு மேல். கூரை போட்ட தளத்தில் காதுக்குள் அடைப்பானும் மேலே மூடியும் சேர்த்தே அணியுங்கள். தடித்த மூடி கேமராவின் உடலில் இடித்து, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து விலக்கும். மெல்லிய கிண்ணம் உள்ளதாகப் பாருங்கள். பெருஞ்சத்தத்தை மட்டும் வெட்டிப் பேச்சை விடும் மின்னணு மூடி இன்னும் நல்லது. அதிகாரியின் ‘நிறுத்து’ என்ற குரல் உங்களுக்கும் கேட்க வேண்டுமே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. திரும்பி வந்ததும், எதையும் சாப்பிடுவதற்கு முன், சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். ஈயத்தூசி தோளில் தொங்கும் கேமராப் பட்டையில்கூடப் படிந்திருக்கும்.

விளையாட்டைப் புரிந்துகொள்வதும் படத்தின் ஒரு பாதி. 10 மீட்டர் காற்று ரைபிளில் 10 புள்ளிக்கான வட்டம் வெறும் 0.5 மி.மீ. அகலம். அதை அடிக்க நிற்பவர் சிலையாகத்தான் நிற்பார். ஷட்டர் 1/125 போதும், ஐஎஸ்ஓவைக் குறைத்தே வைக்கலாம். தகுதிச் சுற்றில் 60 சுடுகைக்கு 75 நிமிடம், அவசரப்பட ஒன்றுமில்லை. துப்பாக்கியைத் தூக்கி, மூச்சை விட்டு, கன்னம் கட்டையில் பதிந்து, விரல் விசையில் அமரும் அந்தச் சுழற்சியை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால் அடுத்தது எப்போது என்று உங்களுக்கே தெரியும். காற்றுத் துப்பாக்கியில் தீ வராது. அதைத் தேடிக்கொண்டிருக்காமல் முகத்தைப் பாருங்கள். சர்வதேசப் போட்டி விதிகளின்படி போட்டி முடியும்வரை பார்வையாளர்கள் ஃபிளாஷ் போடக் கூடாது. சிறு போட்டிகளிலும் அதையே பின்பற்றுங்கள். ஷட்டர் சத்தத்தையும் அடக்கிவிடுவது நல்லது. ஆனால் மின்னணு ஷட்டரில் எல்இடி விளக்கின் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். அப்போது ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு மாற்றிப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/120 அல்லது 1/60.

களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிகளில் உலகமே வேறு. தட்டின் விட்டம் 110 மி.மீ.; மணிக்கு 100 கி.மீ.க்கு அருகில் பறக்கும். 1/1000 நொடியில் 3 செ.மீ. வரை நகர்ந்துவிடும் என்பதால் 1/2000க்குக் குறையாமல் வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர் ஸ்கீட் என்ற வகையில் தொடங்குவது நல்லது. தட்டுகளை எறியும் உயர் கூடு, தாழ் கூடு இரண்டிலிருந்தும் தட்டுகள் எப்போதும் ஒரே பாதையில் வரும், ஒரே இடத்தில் குறுக்கிடும். அங்கே குவியத்தைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம். ட்ராப் என்ற இன்னொரு வகையில் தட்டு எந்தப் பக்கம் பாயும் என்று சுடுபவருக்கே தெரியாது. அவருக்குப் பின்னால், தோளுக்கு மேலே கேமராவைப் பிடித்து, அவர் குரல் கொடுத்த நொடியிலேயே தொடர்படத்தைத் தொடங்குங்கள். வெடிச்சத்தம் கேட்டபின் அழுத்தினால் தூள்தான் மிஞ்சும். மனிதக் கை எதிர்வினை காட்ட ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றில் வண்ணப்பொடி அடைத்த தட்டுகளைப் பயன்படுத்துவார்கள். வானில் பூவாக விரியும் அந்தப் பொடியைப் படமெடுப்பதற்கு இணையான சந்தோஷம் இந்த விளையாட்டில் குறைவு. சுட்டு முடித்து இரட்டைக் குழலை மடித்துத் திறக்கும்போது அறையிலிருந்து சுருண்டு எழும் புகையையும் விட்டுவிடாதீர்கள். வெயில் எதிர்ப்பக்கமிருந்து வந்தால் மட்டுமே அது தெரியும்.

ஷட்டர் திறந்திருக்கும் பங்கு

இப்போது தீயைப் பற்றி. குழல்முனைச் சுடர் நிலைப்பது சில மில்லி நொடிகள்தான். அதைப் பிடிக்க எல்லோரும் ஷட்டரை வேகமாக்குவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவை 1/1000இல் வைத்தால், அந்த ஒரு நொடியில் ஷட்டர் திறந்திருந்த மொத்த நேரம் 10/1000, அதாவது 1 சதவீதம். மற்ற 99 சதவீத நேரமும் கேமரா குருடாக இருக்கிறது. சுடர் நிலைக்கும் மில்லி நொடிகளைச் சேர்த்தாலும் வாய்ப்பு ஒருசில சதவீதம்தான். அதே கேமராவை 1/50இல் வைத்தால் பங்கு 20 சதவீதம். நொடிக்கு 20 படம் என்றால் 40. 1/30க்கு இறக்கினால் மூன்றில் இரண்டு பங்கு. நொடிக்கு எத்தனை படம் என்பதை ஒரு படத்தின் நேரத்தால் பெருக்குங்கள். உங்கள் வாய்ப்பு அதுதான்.

ஆனால் பட்டப்பகலில் 1/30 வைத்தால் வானம் வெளுத்துவிடும், சுடர் அதில் கரைந்துவிடும். ஷட்டரை நீட்டினால் சுற்றுப்புற ஒளி சேர்ந்துகொண்டே போகும். சுடர் தந்த ஒளியோ அவ்வளவேதான். அதனால்தான் அந்திப் பொழுதும் மூடிய தளமும். ட்ரைபாடில் 1/30, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கிச் சுற்றுப்புறம் மங்கலாகத் தெரியும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். சுடுபவரின் கை பின்னுதைப்பில் கலங்கியிருக்கலாம், சுடர் தெளிவாக இருக்கும். குட்டைக் குழலில் சுடர் பெரிது. நீண்ட குழல் கொண்ட .22 ரைபிளில் மருந்து உள்ளேயே எரிந்து முடிந்துவிடுவதால் ஏறத்தாழ ஒன்றுமே வராது.

பறக்கும் குண்டையே எடுக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. வேகத்தைப் பார்த்தால் விடை வரும். .22 குண்டு நொடிக்கு 330 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1/8000 நொடியில் அது 41 மி.மீ. போய்விடும், படத்தில் ஒரு கீற்றுதான். சிறிய ஃபிளாஷ் ஒன்றை மிகக் குறைந்த சக்தியில் வைத்தால் அது 1/20000 நொடி அளவில் மின்னி மறையும். இருட்டறையில், நொடிக்கு 170 மீட்டர் போகும் காற்றுத் துப்பாக்கிக் குண்டு அந்த மின்னலில் 8.5 மி.மீ. நகரும். குண்டின் விட்டமோ 4.5 மி.மீ. இன்னும் போதவில்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9 மூன்றாம் பதிப்பு, சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிப்பதால் 1/80000 வரை போகிறது; .22 குண்டு அதில் 4 மி.மீ. நகரும். இந்த வசதி இல்லாத கேமராக்களின் மின்னணு ஷட்டர் வரி வரியாகப் படிப்பதால், குண்டு சாய்ந்து உருமாறித் தெரியும்.

கூர்மையான குண்டுப் படம் இதற்கெல்லாம் வெகு முன்னதாகவே வந்துவிட்டது. எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் 1886இல், ஒலியை மிஞ்சும் குண்டின் முன்னால் காற்று அலையாக மடிவதை மின்பொறி ஒளியில் பதிவு செய்தார்கள். எம்ஐடியில் ஹரால்ட் எட்ஜர்டன் 1964இல் எடுத்த, ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் குண்டின் படம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. இரண்டு படங்களின் வழியும் ஒன்றே: அறையை இருட்டாக்கி, ஷட்டரின் வேலையை மைக்ரோ நொடி அளவிலான ஒளிக்குக் கொடுத்துவிடுவது. ஒரு மைக்ரோ நொடியில் 330 மீட்டர் வேகக் குண்டு 0.33 மி.மீ. மட்டுமே நகரும். ஒளியை எப்போது மின்னவைப்பது என்பதை ஒரு மைக்ரோஃபோன் தீர்மானிக்கலாம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போவதால், மைக்கை ஒரு மீட்டர் தள்ளினால் மின்னல் 2.9 மில்லி நொடி தாமதிக்கும். இதைப் பழகத் துப்பாக்கியே வேண்டாம். தண்ணீர் நிரப்பிய பலூனை ஊசியால் குத்தி, மைக்கை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நீர் இன்னும் பலூன் வடிவிலேயே நிற்கும் கணம் அகப்படும். குண்டோடு செய்வது சுடுதளத்தில், அதிகாரியின் கண்பார்வையில் மட்டுமே.

தொழிலாக எடுத்தால்

வேலை தருபவர் யார் என்பதைப் பொறுத்து படம் மாறும். துப்பாக்கித் தயாரிப்பாளருக்கு, மேலே சொன்னபடி உலோகத்தில் வழிந்தோடும் ஒளிக்கோடு வேண்டும். ஏல நிறுவனத்துக்கு அழகைவிட நேர்மை வேண்டும்: இரண்டு பக்கமும் முழு நீளம், மேற்பக்கம், முத்திரைகள், குழல்முனை, கட்டையின் விரிசல், மெருகு தேய்ந்த இடங்கள். கீறலை மென்பொருளில் அழித்துக் கொடுத்தால் வாங்குபவரை ஏமாற்றியதாகிவிடும். காப்பீட்டுக்கு எடுக்கும்போது வரிசை எண் எழுத்து எழுத்தாகப் படிக்கும்படி ஒரு நெருக்கப் படம் கட்டாயம். தாழ்வான பக்க ஒளியில் எடுத்தால் தேய்ந்த எண்ணும் எழும். அதே துப்பாக்கியின் படம் பொதுவெளிக்குப் போகிறதென்றால் அந்த எண்ணையும், பின்னணியில் தெரியும் வீட்டு முகவரியையும், கோப்பில் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு தொகுப்பையும் வெவ்வேறு கோப்புறையில், வெவ்வேறு பெயரில் வையுங்கள். அவசரத்தில் ஒன்று மற்றொன்றாகப் போய்விட்டால், யாரிடம் என்ன துப்பாக்கி எந்த வீட்டில் இருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும்.